ஏற்காட்டில் குழாய் உறைந்துவிட்டதா? மார்கழிக் காலையில் தண்ணீர் வராவிட்டால் பார்க்க வேண்டியவை

மார்கழி பிறந்தால் போதும், காலை ஆறு மணிக்கு யாராவது ஒருத்தர் கம்பளிக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி எனக்குப் போன் போடுவார்கள். "அண்ணே, பைப்பு உறைஞ்சுபோச்சு போல, சொட்டுத் தண்ணி வரல." பெரும்பாலும் கீழே சேலத்திலிருந்து வந்து மலையில் வீடு வாங்கியவர்கள். நான் நாகலூர் ரோட்டில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். வீட்டுக் குழாய் வேலையெல்லாம் நானே செய்துகொள்கிற ஆள் என்பதால், பிளம்பர் கிடைக்காத நேரத்தில் அக்கம்பக்கத்துக்கும் நான்தான் பிளம்பர். இத்தனை வருடத்தில் உறைந்த குழாய் ஒன்றைக்கூட இங்கே பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது.

கணக்கு எளிது. தண்ணீர் உறைய 0 டிகிரி வேண்டும். குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் கட்டியாக வேண்டுமானால் அதற்கும் கீழே பல மணி நேரம் குளிர் நிற்க வேண்டும். குளிர்நாட்டுக்காரர்களே வெளியே மைனஸ் 6, மைனஸ் 7 என்று போகும்போதுதான் குழாயைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குகிறார்கள். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், சேலம் 280 மீட்டர் சுமாருக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், சேலத்தைவிட இங்கே எட்டு டிகிரி குளிர். அங்கே விடியற்காலை 20 என்றால் இங்கே 12. என் வீட்டு வாசலில் தொங்கும் தெர்மாமீட்டர் பத்துக்குக் கீழே இறங்கி நான் பார்த்தது ஓரிரு முறைதான். கை விறைக்கும், பல் தந்தியடிக்கும், குழாய் உறையாது.

அப்புறம் ஏன் சரியாகக் குளிர்காலத்தில் மட்டும் இந்தத் தொல்லை? குளிருக்கு இதில் பங்கு இருக்கிறது, ஆனால் ஐஸாக வந்து அடைப்பதில்லை. பிளாஸ்டிக்கைச் சுருக்கும், ரப்பரை விறைக்க வைக்கும், கீசரை மெதுவாக்கும், எண்ணெயைக் கட்டியாக்கும். ஆகவே "உறைஞ்சுபோச்சு" என்று முடிவு கட்டிவிட்டு, வெந்நீர்க் குண்டானைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் குழாய்மேல் ஊற்றாதீர்கள். பிவிசி குழாய் வளைந்து கொடுத்து, இல்லாத பிரச்சினையும் வந்து சேரும். போன வருடம் ஒருத்தர் அதைச் செய்தார்.

முதல் வேலை, எந்த அறிகுறியாக இருந்தாலும்: கீசர் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் வராத நேரத்தில் கீசர் ஓடினால், உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டிருந்தால், சூடாக்கும் கம்பிச்சுருளான காயில் எரிந்துபோகும். அடுத்து, வீட்டில் எல்லாக் குழாயையும் ஒரு சுற்றுத் திறந்து பாருங்கள். ஒரு குழாயில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு அந்தக் குழாயடியில்தான் இருக்கிறது, முனையில் இருக்கும் வலையையோ, சுவரிலிருந்து வரும் லைனை மூடித் திறக்கும் சின்னத் திருகான ஆங்கிள் காக்கையோ கழற்றிப் பார்த்தால் செம்மண் துகள் இருக்கும், பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினால் வேலை முடிந்தது. எங்குமே வரவில்லை என்றால் மொட்டைமாடிக்கு ஏற வேண்டியதுதான்.

"டேங்க் நிறைய இருக்கு, ஆனா ஒரு குழாயிலும் வரல"

மலையில் வரும் போன்களில் பாதி இந்த ரகம். பத்துக்கு எட்டு, ஏர் பிடித்திருக்கும்.

நம் ஊர் வீடுகளுக்கு டேங்க் எப்போதும் தலைக்கு மேலேயே இருப்பதில்லை. மேட்டில் ஒரு பாறைமேல் டேங்கை வைத்துவிட்டு, அங்கிருந்து காபிச் செடிகளுக்கு நடுவே நூறு, நூற்றைம்பது அடிக்கு ஓஸ் பைப்பையோ பிவிசியையோ தரையோடு தரையாக இழுத்து வந்திருப்பார்கள். அந்த லைன் நேராக இறங்காது. ஒரு வேர் மேல் ஏறும், ஒரு கல் மேல் ஏறும், மறுபடி இறங்கும். ராத்திரி விருந்தாளிகள் நாலைந்து பேர் குளித்து டேங்க் ஒருமுறை காலியாகிவிட்டால் லைனுக்குள் காற்று புகுந்துவிடும். மறுபடி டேங்க் நிரம்பும்போது பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், மேடுகளில் காற்று மாட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பல பிளம்பர்களே இதைக் கவனிப்பதில்லை. டேங்குக்கும் குழாய்க்கும் பத்தடி உயர வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைனில் மூன்று மேடு, ஒவ்வொன்றும் மூன்றடி உயரம், மூன்றிலும் இறங்கும் பக்கத்தில் காற்று. ஒவ்வொரு மேட்டையும் தாண்ட மூன்றடித் தண்ணீரின் அழுத்தம் செலவாகிறது. மூன்றும் சேர்ந்து ஒன்பது அடி. பத்தடியில் மிச்சம் ஓரடி. அது சொட்டுவதற்குக்கூடக் காணாது. மேடு ஒவ்வொன்றும் சின்னதாக இருப்பதால் "இதுவா தடுக்கும்?" என்று தோன்றும், ஆனால் எல்லாம் சேர்ந்துதான் தடுக்கிறது. குளிரில் ஓஸ் பைப் விறைத்து, வெயிலில் படிந்து கிடந்த இடத்தில்கூட வில் மாதிரி எழும்பி நிற்பதால் மேடுகள் கொஞ்சம் கூடவும் செய்யும்.

ஏர்தானா என்று தெரிந்துகொள்ள, வீட்டிலேயே ஆகத் தாழ்வான குழாயைத் திறந்து காதை வைத்துக் கேளுங்கள். "குளுக்... புஸ்ஸ்" என்று ஒரு மூச்சு வந்து நின்றால் ஏர். ஒரு சத்தமும் இல்லாமல் செத்த மாதிரி இருந்தால் டேங்க் வாயில் கேட் வால்வு மூடியிருக்கலாம், அல்லது டேங்கினுள் இலை அடைத்திருக்கலாம். கேட் வால்வில் ஒரு ஏமாற்று வேலை உண்டு: பழைய வால்வில் திருகு சுற்றும், ஆனால் உள்ளே தகடு தண்டிலிருந்து கழன்று கீழேயே உட்கார்ந்திருக்கும். எவ்வளவு சுற்றினாலும் திறந்த மாதிரியே இருக்கும், திறந்திருக்காது. அப்படியானால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஏர் எடுக்க நான் செய்வது இது. கீசருக்குப் போகும் ஆங்கிள் காக்கை மூடுகிறேன், அடுத்து வரும் அழுத்தம் கீசருக்குள் போகக் கூடாது. மோட்டார் லைனில் தோட்டத்துக்கு என்று ஒரு குழாய் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். அதிலிருந்து ஒரு ஓஸை எடுத்து வந்து, வீட்டின் தாழ்வான குழாயில் மாட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி, மற்றக் குழாய்களை மூடிவிட்டு இதை மட்டும் திறந்து வைத்து மோட்டாரைப் போடுவேன். தண்ணீர் பின்பக்கமாக ஏறி, காற்றை டேங்குக்கே தள்ளிக்கொண்டு போகும். டேங்க் பக்கத்தில் ஒரு ஆள் நின்று பார்த்தால் உள்ளே உலை கொதிக்கிற மாதிரி குமிழி கிளம்பும். குமிழி நின்ற பிறகு இன்னும் அரை நிமிடம் ஓடட்டும், அப்புறம் மோட்டாரை நிறுத்தி ஓஸைக் கழற்றுங்கள். எட்டி நின்று கழற்றுங்கள், இல்லாவிட்டால் மார்கழிக் குளிரில் ஓசியில் ஒரு குளியல்.

மோட்டார் லைன் இல்லாதவர்கள் வேறு மாதிரி செய்யலாம். லைனில் ஆக உயரமான மேடு எதுவென்று நடந்து பார்த்துக் கண்டுபிடித்து, பக்கத்திலுள்ள இணைப்பைச் சற்றுத் தளர்த்தினால் 'புஸ்' என்று காற்று போய் தண்ணீர் பீறிடும், உடனே இறுக்குங்கள். அடுத்த மேட்டுக்குப் போங்கள். வாயால் உறிஞ்சி எடுக்கிற பழைய முறையும் உண்டு. சுனைத் தண்ணீரில் என்ன இருக்கும் என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் அந்த உயரமான மேட்டில் T வடிவ இணைப்பு (டீ) ஒன்றைப் போட்டு, அரை அங்குலக் குழாய் ஒன்றை டேங்கின் தண்ணீர் மட்டத்தைவிட ஓரடி உயரத்துக்கு நிமிர்த்தி, நுனியைத் திறந்தே விடுங்கள். எறும்பும் பூச்சியும் போகாமல் இருக்க நுனியில் எல்போ (வளைவு இணைப்பு) வைத்து வலை கட்டினால் போதும். காற்று தானாகப் போய்க்கொண்டிருக்கும். செலவு ஒரு பிரியாணிப் பொட்டலம் அளவுதான். ஆனால் இதைச் சொன்னால் யாரும் செய்வதில்லை, வருடா வருடம் போன் போடுவதையே விரும்புகிறார்கள்.

லைன் நடந்து பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். காட்டெருமை மிதித்து ஓஸ் நசுங்கிக் கிடந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், அதுவும் வேலியோரமாக, காபிச் சருகு மூடியிருந்ததால் கண்ணில் படவே இல்லை. டேங்க் மூடியைக் குரங்கு தூக்கி எறிவது தனிக் கதை. மூடி போன டேங்கில் சில்வர் ஓக் இலை விழுந்து, ஊறி, வெளிவாயில் போய் ஒட்டிக்கொள்ளும். மூடிக்கு மேல் கல் வைக்காதீர்கள், அதைத் தூக்கிப் போட்டு விளையாடும். கம்பியால் கட்டுங்கள்.

"மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல"

மோட்டார் சத்தம் வழக்கத்தைவிட லேசாக, காலி டிரம் மாதிரி கேட்டால் அது தண்ணீரை இழுக்கவில்லை என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள், வறட்டு ஓட்டத்தில் சீல் எரிந்துவிடும்.

முதலில் ஃபுட் வால்வை, அதாவது கிணற்றுக்குள் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வை, சந்தேகப்படுங்கள். மோட்டார் தலையில் இருக்கும் பிளக்கைக் கழற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். நிறைந்து அப்படியே நின்றால் ஃபுட் வால்வு நன்றாக இருக்கிறது. ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே போனால் கிணற்றடியில் வால்வு வாயில் இலைத் துணுக்கோ கல்லோ மாட்டித் திறந்தபடி இருக்கிறது. குழாயைப் பிடித்து ரெண்டு உலுக்கு உலுக்கினால் சில சமயம் விழுந்துவிடும். விழாவிட்டால் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

ஃபுட் வால்வு நன்றாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் உறிஞ்சுகுழாயில் எங்கோ காற்று வாங்குகிறது. இங்கேதான் குளிர் வேலை காட்டும். கோடையில் மாட்டி இறுக்கிய ஓஸ், பனியில் விறைத்துச் சுருங்கும், கிளாம்ப் லூசாகும். தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதனால் கசிவைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒவ்வொரு இணைப்பிலும் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றிவிட்டு மோட்டாரைப் போட்டுப் பாருங்கள். எந்த இடத்தைச் சுற்றியதும் தண்ணீர் ஏறுகிறதோ அதுதான் குற்றவாளி.

இரண்டும் சரி, ஆனாலும் ஏறவில்லையா? அப்படியானால் உயரத்தைக் கேளுங்கள். மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை, அது உண்டாக்கும் வெற்றிடத்துக்குள் வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. சேலத்தில் அந்தக் காற்றால் ஏட்டுக்கணக்கில் சுமார் 33 அடி வரை தள்ள முடியும், ஏற்காட்டில் காற்று மெலிந்திருப்பதால் 28 அடிதான். ஃபுட் வால்வு, வளைவு, உராய்வு எல்லாம் போக நடைமுறையில் சேலத்தில் 25 அடி ஆழத்திலிருந்து எடுக்கிற மோட்டார் இங்கே 20 அடியிலேயே திணறும். சேலம் வீட்டில் "ஜோராக ஓடிய" மோட்டாரை மலைக்குக் கொண்டுவந்து மாட்டிவிட்டு அதைத் திட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டாரைக் கிணற்றுக்குள் படி கட்டிக் கீழே இறக்குங்கள், அல்லது நீர்மூழ்கி மோட்டார் வாங்குங்கள்.

"மோட்டார் உம்முனு இரையுது, சுத்தல"

சட்டென்று அணைத்துவிடுங்கள், நாலைந்து விநாடிக்கு மேல் விட்டால் மோட்டாருக்குள் இருக்கும் காயில் சூடேறும். ஒன்று, வோல்டேஜ் குறைவு. ஊரே ஹீட்டர் போடும் காலை ஏழு மணிக்கு இது சகஜம், அரை மணி கழித்துப் போட்டால் ஓடும். இரண்டு, பல நாள் ஓடாமல் துருப்பிடித்து இறுகியிருக்கும். மெயினை நிறுத்திவிட்டு, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றி, தண்டில் உள்ள வெட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுற்றிவிட்டால் பல சமயம் விடுபடும். மூன்று, மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர். மாற்றுவதென்றால் பழையதில் எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபேரட். கழற்றிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும், விரலை வைக்காதீர்கள். இதில் தயக்கம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், தண்ணீர் ஒரு நாள் தாமதமானால் யாரும் சாகமாட்டார்கள்.

"பச்சைத் தண்ணி வருது, வெந்நீர் மட்டும் வரல"

கீசருக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன ஒருவழி வால்வு இருக்கும். செம்மண் கலந்த தண்ணீரில் அது அடைத்துக்கொள்ளும். கீசரை அணைத்து, ஆங்கிள் காக்கை மூடி, இணைப்புக் குழாயைக் கழற்றி வாளியில் பிடித்து ஆங்கிள் காக்கைத் திறந்து பாருங்கள். அங்கே நன்றாக வந்தால் வால்வோ கீசரோதான் அடைப்பு.

மலைத் தண்ணீர் மென்மையானது, கீசருக்கு உப்புப் பிடிக்காது. சேலத்தில் போர் தண்ணீர் உபயோகிப்பவர்களுக்கு இது வேறு கதை. என் அக்கா வீடு அம்மாப்பேட்டையில். பன்னிரண்டு வருடம் கைவைக்காத கீசரை ஒருமுறை நானும் எலக்ட்ரீஷியனும் கழற்றினோம். காயில் தெரியவே இல்லை. அதைச் சுற்றி வெள்ளையாக, பொரி உருண்டை மாதிரி ஒரு கட்டி. தட்டினால் பாளம் பாளமாக உதிர்ந்தது. கீழே ஒரு தட்டு நிறைய அரித்து எடுத்தோம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சூடு பட்டதும் படிந்த உப்பு அது. வெள்ளைக்கல் (மெக்னீசியம் உள்ள மேக்னசைட்) வெட்டி எடுக்கிற ஊரில் தண்ணீர் எப்படி இருக்கும்? தண்ணீர் காயும்போது கீசர் மணல் வறுக்கிற மாதிரி சலசலத்தால் உப்பு ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து ஊறவைத்தால் இறங்கும். கழற்றும்போது உள்ளே இருக்கும் மெக்னீசியத் தண்டையும் பாருங்கள், டேங்கின் இரும்புக்குப் பதிலாக அரிபட்டுக் கரைவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். குச்சி மாதிரி மெலிந்திருந்தால் மாற்றுங்கள்.

"வெந்நீர் வருது, சூடே இல்ல"

இதில் பாதி, கோளாறே இல்லை. 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட் காயில். சேலத்துக் கோடையில் 28 டிகிரித் தண்ணீரை 60க்குக் கொண்டுபோக 17 நிமிடம் ஆகும். ஏற்காட்டு மார்கழியில் 15 டிகிரியிலிருந்து தொடங்கினால் 24 நிமிடம். வோல்டேஜ் 180க்கு இறங்கியிருந்தால், காயிலின் வேகம் வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும் என்பதால், அதே வேலைக்கு 38 நிமிடம். விருந்தாளி பத்து நிமிடத்தில் கதவைத் தட்டி "கீசர் வேலை செய்யல" என்றால் ஒரு காபி போட்டுக் கொடுங்கள், காபி தீரும்போது தண்ணீர் காய்ந்திருக்கும். ஒரு மணி நேரம் ஆகியும் வெதுவெதுப்புதான் என்றால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சோலார் வைத்திருப்பவர்களுக்குப் பனிமூட்டம் மூன்று நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் இப்படித்தான். அதற்கு மருந்தில்லை.

"காலையில சொட்டுது, மத்தியானம் நின்னுடுது"

இந்த ஒரு அறிகுறியைத்தான் நான் ரசிப்பேன். பிளம்பர் பதினொரு மணிக்கு வருவார், பார்ப்பார், "எங்க சார் லீக்?" என்பார், போய்விடுவார். மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி சொட்டும்.

பிவிசி குளிரில் சுருங்கும், இரும்பைவிடப் பல மடங்கு. ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.06 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறடி லைன், அதாவது 30 மீட்டர், மத்தியான வெயிலில் 40 டிகிரிக்குச் சூடாகி விடியற்காலை 12க்கு வந்தால் ஐந்து சென்டிமீட்டர் குறையும். ரெண்டு அங்குலம்! இரண்டு பக்கமும் சுவரில் பிடித்து இறுக்கியிருந்தால் அந்த ரெண்டு அங்குலத்தை எங்கே இருந்து எடுக்கும்? ஆக பலவீனமான மரை இணைப்பைத்தான் பிடித்து இழுக்கும். அது டேங்க் நிப்பிளாக இருக்கும், அல்லது பிவிசியும் பித்தளையும் சேரும் இடமாக இருக்கும். வெயில் ஏறினால் குழாய் நீண்டு, வாய் மூடிக்கொள்ளும்.

டெஃப்ளான் டேப்பை மேலும் மேலும் சுற்றுவது தீர்வில்லை. நேர் லைனில் ஒரு வளையம் மாதிரி, நாலு எல்போ வைத்து ப வடிவில் ஒரு வளைவு கொடுத்தால் சுருக்கத்தை அது வாங்கிக்கொள்ளும். ஒட்டுகிற வேலையை வெயில் ஏறிய பிறகு, குழாயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். பனி ஈரத்தின் மேல் சொல்யூஷன் பிடிக்காது, குளிரில் காயவும் நேரம் எடுக்கும். சேலத்தில் ரெண்டு மணி நேரத்தில் தண்ணீர் விடுகிறீர்கள் என்றால் இங்கே ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள்.

குழாய் முழுக்க வியர்த்து, அடியில் மட்டும் சொட்டினால் அது கசிவே இல்லை, மூட்டத்தின் ஈரம் குளிர்ந்த குழாய்மேல் படிவது. துடைத்துவிட்டு எங்கே முதலில் ஈரமாகிறது என்று பாருங்கள். எல்லா இடமும் ஒரே நேரத்தில் என்றால் விட்டுவிடுங்கள்.

"தண்ணி வருது, ஆனா போக மாட்டேங்குது"

ஏற்காட்டில் குழாய்க்குள் உண்மையாகவே உறைகிற பொருள் ஒன்று உண்டென்றால் அது தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே அது கட்டி. கார்த்திகையிலிருந்து மாசி வரை எங்கள் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது. பாட்டிலில் உறைவது கழிவுக்குழாயில் உறையாதா? வெந்நீரில் குளிக்கும்போது தலையிலிருந்து உருகி இறங்கும், நாலடி தள்ளி, ஜில்லென்ற குழாயில் பட்டதும் இறுகிவிடும். அதன்மேல் முடி, அதன்மேல் அரப்புத் தூள். போன தை மாதம் எங்கள் குளியலறைத் தரையிலுள்ள கழிவுத் துளையின் (நானி டிராப்) கிண்ணத்தை எடுத்துவிட்டு உள்ளே கம்பியை விட்டு இழுத்தேன். சாம்பல் நிறத்தில், வழுவழுப்பாக, செத்த எலி மாதிரி ஒன்று வந்தது. என் சின்ன மகள் பார்த்துவிட்டு இரண்டு நாள் குளிக்க மாட்டேன் என்று விட்டாள். அரப்புத் தூள் போட்டுத் தேய்த்த பிறகு முடியை வாளியில் அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் பாதிப் பிரச்சினை குறையும்.

அடைத்துவிட்டால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள், ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியில் கொதித்துவிடும் என்றாலும் பிவிசிக்கு அதுவே அதிகம். கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, கீசரிலிருந்து வரும் 60 டிகிரி சரியாக இருக்கும். முதலில் பாத்திரம் துலக்கும் திரவம் ரெண்டு கரண்டி, அப்புறம் அரை வாளி வெந்நீர், பத்து நிமிடம் பொறுத்து இன்னும் ஒரு வாளியை ஒரே வீச்சாக. சமையலறைத் தொட்டிக்கும் இதேதான். அங்கே நெய்யும் டால்டாவும் குற்றவாளிகள். தட்டைக் கழுவும் முன் காகிதத்தால் துடைத்துவிட்டால் போதும். அடைப்பு எடுக்கும் தூளையும் ஆசிட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள், பொங்கி முகத்தில் தெறிக்கும்.

"இல்லீங்க, எங்க ஊர்ல நிஜமாவே உறையும்"

ஒத்துக்கொள்கிறேன். ஊட்டியில் தலைக்குந்தா பக்கம் புல்மேல் உறைபனி படியும். காற்று பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும், மேகமில்லாத ராத்திரியில் மாடியில் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தட்டை வகை சோலார் பலகை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதிலுள்ள செம்புக்குழாய் பிளக்க வாய்ப்புண்டு. அங்கே இருப்பவர்கள் அத்தகைய இரவுகளில் பலகையின் தண்ணீரை வடித்துவிடுவது நல்லது.

நிஜமாக உறைந்த குழாய்க்கு நான் தவறான யோசனை சொன்ன கதையும் ஒன்று உண்டு. அக்கா மகன் அமெரிக்காவில் மின்னியாபோலிஸில் இருக்கிறான். ஒரு ஜனவரியில் போன். "மாமா, கிச்சன்ல தண்ணி வரல, பாத்ரூம்ல வருது." நான் பழக்க தோஷத்தில், "ஏர் பிடிச்சிருக்கும்டா, எல்லாக் குழாயையும் திறந்து விடு" என்றேன். வெளியே எத்தனை டிகிரி என்று கேட்கத் தோன்றவில்லை. மைனஸ் 22 என்று அவனே சொன்ன பிறகுதான் உறைத்தது.

அங்கே அறிகுறி இப்படி இருக்கும்: கடும் குளிர் ராத்திரிக்கு அடுத்த காலை, வெளிச்சுவரை ஒட்டிய குழாயில் மட்டும் தண்ணீர் நின்றுபோகும், மற்ற இடத்தில் வரும். தொட்டிக்கடியில் கதவைத் திறந்து தொட்டுப் பார்த்தால் ஒரு பகுதி மட்டும் கல் மாதிரி சில்லென்று, சில சமயம் மேலே வெண்பனி பூத்து இருக்கும். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கிறது. ஆனால் குழாய் வெடிப்பது பெரும்பாலும் ஐஸ் கட்டி இருக்கும் அதே இடத்தில் அல்ல; கட்டி வளர்ந்து, அதற்கும் மூடியிருக்கும் குழாய் வாய்க்கும் நடுவே மாட்டிய தண்ணீரை நெருக்குவதால்தான். ஆகவே குழாயைத் திறந்து விடு என்று நான் சொன்னது, காரணம் தப்பாக இருந்தாலும், வேலைக்குச் சரியாகப் போய்விட்டது. அதற்கு நான் பெருமைப்பட்டுக்கொள்வதில்லை.

அடுத்ததை அவன் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிச் செய்தான். முதலில் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டான், குழாய் பிளந்திருந்தால் பனி உருகும்போதுதான் தண்ணீர் பீய்ச்சும், அதுவரை ஐஸே அடைப்பானாக நிற்கும். பிறகு தலைமுடி உலர்த்தும் டிரையரை எடுத்து, திறந்த குழாய் வாயிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போனான். நடுவில் தொடங்கினால் உருகிய தண்ணீர் இரண்டு கட்டிகளுக்கு இடையே மாட்டிக்கொள்ளும். கையில் ஈரம் இல்லாமல், தரையில் தண்ணீர் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிரையர் இல்லாவிட்டால் வெந்நீரில் பிழிந்த துண்டு சுற்றலாம். மெழுகுவத்தி, கேஸ் விளக்கு, நெருப்பு எதுவும் கூடாது. மர வீடுகள் அவை. முக்கால் மணி நேரம் கழித்து முதலில் ஒரு செருமல், அப்புறம் ஒரு நூல், அப்புறம் தண்ணீர். குழாய் தப்பித்தது.

இப்போதெல்லாம் அந்த மாதிரி ராத்திரி வந்தால் தொட்டிக்கடிக் கதவைத் திறந்து வீட்டுச் சூடு உள்ளே போகும்படி விடுகிறான், ஊருக்குப் போனாலும் ஹீட்டரை 13 டிகிரிக்குக் கீழே குறைப்பதில்லை, சமையலறைக் குழாயை மெல்லிய நூலாக ஓட விட்டுவிட்டுப் படுக்கிறான். ஓடுகிற தண்ணீர் சீக்கிரம் உறையாது, அழுத்தமும் சேராது. அக்காதான் வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டாள். தண்ணீர் விடும் நாளுக்காகக் குடத்தை வரிசையாக வைத்துக் காத்திருந்தே வளர்ந்தவள். காரணத்தை அவன் மூன்று முறை விளக்கினான். மூன்று முறையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "அதெல்லாம் சரி கண்ணு, மொதல்ல எழுந்து போய் அந்தக் குழாய மூடு."